புகாரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மரக்குடிலை புக் பண்ணுங்கள்

இமாச்சலத்தில் மரக்குடில் எடுத்துத் தங்க நினைப்பவர்கள் சென்னையிலிருந்து போனில் விசாரிக்கும்போது வியூ எப்படி, வைஃபை உண்டா என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு. அறைக்குள் புகாரி இருக்கிறதா, அதன் புகைக்குழாய் கூரைக்கு மேலே போகிறதா? புகாரி என்பது மூடி போட்ட தகர விறகடுப்பு. "புகாரி இல்லை, அங்கீட்டி வைத்துத் தருகிறோம்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அங்கீட்டி திறந்த கரி அடுப்பு, நம் கணப்புச் சட்டி மாதிரி. முற்றத்தில் வைத்துக் கை காயலாம். கதவைச் சாத்திய அறைக்குள் வந்தால் அது எமன்.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பிக்கும். மலை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள், ஆபத்தே அங்குதான். அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் யோசிக்காமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆன்லைனில் வாங்கி, வீட்டிலேயே டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துப் பெட்டியில் வையுங்கள். புகாரி உள்ள அறைக்கும் இது வேண்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் குல்லு மாவட்டத்தின் பஞ்சார் பள்ளத்தாக்கு. ஜீபி, அதற்கு மேலே ஷோஜா, அதற்கும் மேலே 3,120 மீட்டரில் ஜலோரி கணவாய். தேவதாரு மரமும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய காட்குனி வீடுகளை இந்தப் பக்கம் இன்னும் பார்க்கலாம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் முதல் இரண்டு இரவு ஜீபியில் தங்கி, பிறகு ஷோஜாவுக்கு ஏறுவது உடம்புக்கு நல்லது.

மாதம், நவம்பர். இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அங்கே வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும். பெரும்பாலும் சாலையும் திறந்திருக்கும். அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போட்டால் மூன்று தொல்லை சேர்ந்து வரும்: பனி விழுந்து ஜலோரி மூடிக்கொள்ளும், புத்தாண்டுக் கூட்டம் வாடகையை ஏற்றிவிடும், டெல்லி மூடுபனியில் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி. அன்று மாலை காஷ்மீரி கேட்டிலிருந்து மணாலி பஸ் பிடித்து, ஔட் சுரங்கப்பாதைக்கு முன்பே இறங்க வேண்டும். தூங்கிவிட்டால் பஸ் குல்லு போய்விடும், கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள். சீக்கிரம் கிளம்பும் பஸ் விடியுமுன் கும்மிருட்டில் இறக்கிவிடும் என்பதால் கடைசி பஸ்களில் ஒன்றே மேல். ஔட்டிலிருந்து ஜீபி சுமார் 35 கிலோமீட்டர்.

இனி புகாரியைப் பற்றவைப்பது. கேஸ் அடுப்பில் பழகிய கைக்கு இது முதலில் படியாது. முதல் வேலை, குழாயில் இருக்கும் தடுப்புத் தகட்டை முழுக்கத் திறப்பது. குளிர்ந்து கிடக்கும் குழாயில் புகை மேலே ஏறாமல் அறைக்குள்ளேயே திரும்பும். அதற்கு ஒரு முழுச் செய்தித்தாளைக் கசக்கி, குழாய் தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே வைத்துக் கொளுத்துங்கள். குழாய் சூடேறிக் காற்றை இழுக்கும் 'உஸ்' சத்தம் கேட்கும். அதன் பிறகு பிசின் ஊறிய பைன் சிராய் நாலைந்து, மேலே விரல் பருமன் சுள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாக, அவை நன்றாகப் பிடித்த பின் மணிக்கட்டுப் பருமன் விறகு இரண்டு. எடுத்த எடுப்பிலேயே கட்டையைத் திணித்தால் தீ மூச்சுத் திணறி அணையும். இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் காய்ந்தது, 'டொப்' என்றால் ஈரம். ஈர விறகு சூட்டையெல்லாம் தன் தண்ணீரை ஆவியாக்கவே செலவழிக்கும், அதன் புகை குழாயின் உள்ளே தார் போலப் படியும், பிறகு ஒரு நாள் அந்தப் படிவே குழாய்க்குள் தீப்பிடிக்கும்.

சின்ன புகாரிக்கு மணிக்கு 2 கிலோவுக்குக் குறையாமல் விறகு போகும். மாலை 6 முதல் 10 வரை என்றால் 10 கிலோ கேட்டு வாங்கி வையுங்கள். காட்டில் நீங்களாக வெட்டக் கூடாது. ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். படுக்கும்முன் தணல் தானாக அடங்கட்டும். சூடு தங்கட்டும் என்று தடுப்புத் தகட்டை மூடினால் கரி அடுப்பின் விஷம் இங்கேயும் வரும்.

தீ அடங்கிய பிறகு உங்களைக் காப்பது உடையும் படுக்கையும்தான். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பைச் சில்லிட வைக்கும். தோலோடு ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். படுக்கப் போகும்போது உள்ளுடையும் காலுறையும் மாற்றியே ஆக வேண்டும். இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவுக்குள் காலை நெருக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் மரத்துப்போகும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், அது 0 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கட்டும். 'எக்ஸ்ட்ரீம்' எண் உயிர் பிழைப்பதற்கு, தூங்குவதற்கு அல்ல. குடிலில் கொடுக்கும் ரஜாய்களில், அதாவது பஞ்சு அடைத்த கனமான போர்வைகளில், ஒன்றைக் கீழே விரியுங்கள். பாதிக் குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது.

சமையலில் பருப்புதான் சோதிக்கும். 2,600 மீட்டரில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு கரையவே கரையாது. 3 லிட்டர் குக்கர் எடுத்துப் போங்கள். தோசைமாவு புளிக்காது, வறுத்த ரவை, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் போதும். தேங்காய் எண்ணெய் கல்லாக உறையும், நல்லெண்ணெய் ஊற்றலாம். இரவில் குழாய் உறையும் என்பதால் சாயங்காலமே இரண்டு வாளி பிடித்து உள்ளே வையுங்கள். கேம்பிங் கேஸ் குப்பியை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். வெறும் பியூட்டேன் குப்பி 0 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, புரொப்பேன் கலந்ததாகப் பார்த்து எடுங்கள். பவர்பேங்க் விமானத்தில் கைப்பையில், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்.

திரும்பி வந்ததும் ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டிய பையிலேயே பரணில் போட்டுவிடாதீர்கள். நவம்பர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் விரித்துப் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பழைய தலையணை உறையில் தளர்வாக வைத்து அலமாரியில் தொங்கவிடுங்கள்.