தாத்தாவோட ரோல்ஸ் பெட்டியும் மச்சான் குடுத்த ரேஸரும்

மூணு வருஷம் முன்னாடி ஒரு காலைல ட்ரிம்மர் பாதி தாடியில நின்னு போச்சு. ரங்கூன்ல இருக்கவங்களுக்கு இது ஒரு செய்தியே இல்ல, கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு அட்டவணை இருக்கு, ஆனா அந்த அட்டவணைய கரண்ட் படிக்கிறதில்ல. எட்டரைக்கு ஆபீஸ். ஒரு கன்னம் மழமழன்னு இருக்கு, இன்னொரு கன்னம் தீமிதிக்கு காப்பு கட்டினவன் மாதிரி இருக்கு. அம்மா பரண்ல இருந்து ஒரு துணி மூட்டைய எடுத்துட்டு வந்து "தாத்தா சாமான்டா, இதுல ஏதாச்சும் தேறுமான்னு பாரு"ன்னு போட்டாங்க.

உள்ள இருந்தது ஒரு நிக்கல் பெட்டி. மூக்குக்கண்ணாடி கூடு அளவு இருக்கும், ஆனா நல்ல கனம். மேல ரோல்ஸ் ரேஸர்னு எழுத்து. ஒரு மூடிய கழட்டினா உள்பக்கம் தோல் வார், இன்னொரு மூடியில சாணைக்கல். நடுவுல கத்தி ஒரு கைப்பிடியோட படுத்திருக்கு, அந்த கைப்பிடிய புடிச்சு முன்னும் பின்னும் தள்ளணும், ஒவ்வொரு கோடிக்குப் போறப்பவும் கத்தி தானா டக்குனு புரண்டு மறுபக்கத்த வார்ல தேய்ச்சுட்டு திரும்பும். கடக் கடக் கடக்னு ஒரு சத்தம். அந்த சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியில அப்படியே நின்னுட்டாங்க, அவங்க சின்ன வயசுல தினம் காலைல கேட்ட சத்தமாம் அது.

உண்மைல அது தாத்தாவோடது கூட இல்ல, அவர் அண்ணனோடது. 1964ல கடைகண்ணி எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிட்டு, அம்பது நூறு நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப பெரிய தாத்தா குடும்பத்தோட மெட்ராஸ் கப்பல் ஏறினார். நகைநட்டையே கொண்டுபோக விடாத காலம், இந்த பளபளப்ப பாத்து வெள்ளிப் பெட்டின்னு புடுங்கிருவாங்கன்னு பயந்து தம்பி கையில குடுத்துட்டுப் போயிட்டார். இதுல ஒரு கூத்து என்னன்னா அதே 1964ல தான் இங்கிலாந்துல அந்த ரோல்ஸ் ரேஸர் கம்பெனியும் திவாலாச்சு, அதுவும் ரேஸர் வித்து இல்ல, வாஷிங் மெஷின் விக்கப் போய்.

அன்னைக்கு ரெண்டு எடத்துல வெட்டிக்கிட்டேன், ஆனா கிறுக்குப் புடிச்சிருச்சு. எனக்கு சேஃப்டி ரேஸர்னா ரெண்டு பக்கமும் வெட்டுற ஜில்லெட் பிளேடு தான், ஒரு பக்கம் மட்டும் வெட்டுறது ஏதோ அதுக்கு மட்டமான சரக்குன்னு நினைச்சிருந்தேன். தலைகீழ். நியூயார்க்ல கேம்ஃபே சகோதரர்கள் 1880லயே ஸ்டார்னு ஒத்தப்பக்க ரேஸருக்கு பேடன்ட் வாங்கிட்டாங்க, சவரக்கத்திய குட்டையா நறுக்கி முன்னாடி ஒரு தடுப்பு வச்ச மாதிரி. ஜில்லெட் வியாபாரத்துக்கு வந்தது 1903ல, அந்த வருஷம் வித்தது மொத்தமே 51 ரேஸர், 168 பிளேடு. அவர் சாமர்த்தியம் ரெண்டு பக்கத்துல இல்ல, தீட்டாம தூக்கிப்போடுற மெல்லிசு தகட்டுல இருக்கு. அதுக்கு முன்னாடி கத்தின்னா தீட்டணும், வேற வழியே கிடையாது, ரோல்ஸ் அந்த பழைய புத்திய பெட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்கு.

அடுத்து ஸ்காட் மார்க்கெட்ல (போஜோ மார்க்கெட்னு தான் சொல்லணும், எங்க வீட்ல யாரும் சொல்றதில்ல) பழைய நாணயம், ஜப்பான்காரன் காலத்து நோட்டு, ஓடாத வாட்ச்செல்லாம் பரப்பி வச்சிருந்த ஒரு தட்டுல ஜெம் மைக்ரோமேட்டிக்னு ஒரு ஒத்தப்பக்க ரேஸர் கண்ணுல பட்டுச்சு. பித்தளை மேல நிக்கல் பூச்சு, அமெரிக்க சாமான். கைப்பிடி அடியில இருக்கிற குமிழ திருகினா தலையோட மூடி வாய் தெறக்குற மாதிரி எழும்பும், பிளேட உள்ள தள்ளிட்டு திருப்பி திருகினா கப்புனு கவ்விக்கும். அத கையில வச்சு திருகிட்டே இருந்தேன், கடைக்காரன் என் மூஞ்சிய பாத்துட்டே வெலைய ஏத்திட்டான்.

ஜெம்ம புடிக்கிற விதமே வேற. தலைய கன்னத்துல அப்பி படுக்க வைக்கணும், கைப்பிடி கிட்டத்தட்ட கன்னத்துக்கு நேர் எதிரா நீட்டிட்டு இருக்கும், அங்கருந்து ஒரு நூல் இறக்கி இழுக்கணும். ஜில்லெட் பழக்கத்துல சாய்ச்சு புடிச்சீங்கன்னா தோல் போச்சு. சரியா புடிச்சா பாடும், சத்தியமா, சர்ர்னு ஒவ்வொரு முடி வெட்டுப்படுறதும் காதுல கேக்கும். காரணம் பிளேடோட தடிமன். டபுள் எட்ஜ், அதான் ரெண்டு பக்க பிளேடு, 0.1 மில்லிமீட்டர், அத வளைச்சு இறுக்கிப் புடிச்சா தான் நிக்கும். ஜெம் பிளேடு அதப்போல ரெண்டு மடங்குக்கும் மேல, முதுகுல ஒரு இரும்பு மடிப்பு வேற, வளைக்கவே வேணாம், முரட்டு முடில பட்டாலும் அதிராது.

சிங்கப்பூர்ல இருக்கிற மச்சான்ட்ட ஜெம் பிளேடு கேட்டேன், அவர் பாவம் ஹார்டுவேர் கடைல மலிவா கெடைக்குதுன்னு அம்பது பிளேடு அனுப்பிட்டார். அதே அளவு, அதே முதுகு, அச்சு அசலா பொருந்துச்சு. ஆனா அது கண்ணாடியில ஒட்டின பெயிண்ட சுரண்டுற பிளேடு, பூச்சு கிடையாது, முகத்துக்கு வர்றது வழவழன்னு பூச்சு போட்ட ஸ்டெயின்லெஸ். தாடைக்கு கீழ மூணு இழுப்பு இழுத்தேன், நாலாவது இழுக்கல. அம்மா கல்லுல தனக்கா பட்டைய (பர்மாக்காரங்க சந்தனம் மாதிரி மூஞ்சில பூசுறது) அரைச்சு கழுத்து முழுக்க அப்பி விட்டாங்க, அப்படியே ஆபீஸ் போனேன், தனக்கா பூசினவன ரங்கூன்ல எவன் திரும்பிப் பாக்கப்போறான்.

அந்த பாவத்துக்குப் பரிகாரமா மச்சான் ஊருக்கு வந்தப்ப புது ரேஸர் ஒன்னு கொண்டாந்து குடுத்தார். முழு ஸ்டெயின்லெஸ், மெஷின்ல கடைஞ்சு எடுத்தது, ஃபெதர் ஆர்ட்டிஸ்ட் கிளப் பிளேடு போடுறது. ஃபெதர் ஜப்பான்ல செகிங்கிற ஊர்ல 1932ல தொடங்கின கம்பெனி, செகி வாள் அடிக்கிற கொல்லருங்க ஊரு. இந்த பிளேடு சலூன்காரங்க மடக்குக்கத்திக்காக செஞ்சது, அத தான் இப்ப புது ரேஸர்காரங்க எடுத்து வீட்டு ரேஸர்ல மாட்டுறாங்க.

எது நல்லா வெட்டுதுன்னு கேட்டா ஒளிவுமறைவு இல்லாம புதுசு தான், பழசு மேல எனக்கு எவ்ளோ ஆசை இருந்தாலும். ஜெம் தலை பெருத்தது, மூக்குக்கு அடியில அது நுழையறதுக்குள்ள மீசை பாதி போயிரும். புதுசுல தலை ஒல்லி. பழசுல பிளேடு முன்னாடி ரெண்டு பக்கமும் சின்ன நிறுத்தம் இருக்கும், அது தேஞ்சா பிளேடு கோணலா உக்காந்து ஒரு பக்கம் கடிக்கும், என்னோடது வலது பக்கம் கடிக்குது. புதுசுல எந்த பிளேட போட்டாலும் ஒரே எடத்துல நிக்குது. ரோல்ஸ்? மழைக்காலம் வந்தா இங்க அஞ்சு மாசம் வார்ல பச்சையா பூஞ்சை, கத்திய தொடச்சு எண்ணெய் தடவாம விட்டா மறுநாளே துரு.

ஆனா பிளேடு டப்பால இருபது. அது தீர்ந்தா மச்சான் வரணும், இல்ல யாராச்சும் சிங்கப்பூர், பாங்காக்ல இருந்து வரணும், டாலர் விக்கிற வெலைல வாங்குறவனுக்கு வயிறு எரியும். போன வருஷம் ரெண்டு மாசம் எவனும் வரல. புது ரேஸர் அலமாரியில நகை மாதிரி உக்காந்திருந்துச்சு, நான் கடக் கடக்னு பெரிய தாத்தா பெட்டிய தள்ளிட்டு இருந்தேன்.

இத போன வாரம் பசுண்டவுங் பக்கம் நான் முடி வெட்டிக்கிற கடைல கடைக்கார மாமாட்ட சொல்லிட்டு இருந்தேன். அமெரிக்காவுல ட்விக்னு ஒரு ரேஸர் விக்கிறாங்க மாமா, சாதா டபுள் எட்ஜ் பிளேட பாதியா ஒடிச்சு போட்டா போதுமாம், எவ்ளோ யோசிச்சிருக்கான் பாருங்கன்னேன். மாமா பதில் சொல்லல. ஒரு பிளேட காகிதத்தோட எடுத்து ரெண்டு விரலால மடக்கி டிக்னு ஒடிச்சார், ஒரு பாதிய கத்தியில சொருகினார், மறுபாதிய காகிதத்துல சுத்தி சட்டைப்பைல போட்டுக்கிட்டார்.

"நாப்பது வருஷமா ஒடிக்கிறேன், எனக்கு எவன் காசு குடுத்தான். தலைய சாய்ங்க தம்பி."