புகையாய்ப் போகும் எழுத்து

நான்கு பென்சில் பேட்டரிகளைப் போட்டேன். மெசேஜ்பேட் 2100 என்ற கையடக்கக் கணினி கண் விழித்தது!

நியூட்டன் வரிசையின் கடைசிக் கருவி; ஆப்பிள் 1997-இல் கொண்டுவந்து, 1998 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டது.

அதற்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேனாவால் 'அம்மா' என்று எழுதியதும், என் கையெழுத்தாகவே வைத்துக்கொண்டது.

அப்புறம் அதன்மேல் கோணல்மாணலாகக் கிறுக்கினேன். சின்னதாய் ஒரு புகை மேகம் எழுந்து, எழுத்து கரைந்துபோனது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

அலமாரியில் பக்கத்திலேயே 1989-இன் கிரிட்பேட் என்ற பேனாக் கணினி. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ்தான், பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி பிறக்கும் முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் சுமந்து திரிந்தார். உள்ளே ஒன்றுமில்லாத கட்டையில் எழுதிப் பார்த்திருக்கிறார். கைக்கு எது இதம் என்று கையிடமே கேட்டவர்கள், இந்தக் கருவிகளைச் செய்தவர்கள். அதனால்தான் தேடித் தேடிச் சேர்க்கிறேன்.

மறுபடியும் 'அம்மா' எழுதினேன்.

இந்த முறை அழிக்கவில்லை.