பழுதுபார்த்து வந்த கணினியும் அடம்பிடிக்கும் மின்னஞ்சலும்

பழுதுபார்க்கக் கொடுத்த கணினி வீடு திரும்பிய பின்னும் தொல்லை தொடர்ந்தால், வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக் கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தி, விண்டோஸையும் புதிதாக நிறுவிக் கொண்டுவந்த பிறகு நான் சந்தித்த சிக்கல்களில் பெரும்பாலானவை எதுவும் கெட்டுப்போனதால் வந்தவை அல்ல. பழைய டிஸ்க் பல ஆண்டுகளாகத் தனக்குள் வைத்திருந்த அமைப்புகளும் குறிப்புகளும் அதனுடனேயே வெளியேறிவிட்டதால் வந்தவை. ஆகவே எது கெட்டிருக்கிறது என்று தேடுவதற்கு முன், எது மாற்றப்பட்டது, அதோடு சேர்ந்து என்னென்ன போயின என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மின்னஞ்சல் வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் செய்வது, அதே கணக்கை உலாவி வழியாகத் திறந்து எனக்கே ஓர் அஞ்சல் அனுப்பிப் பார்ப்பதுதான். அங்கே அனுப்பவும் பெறவும் முடிந்தால் கணக்கிலும் இணைய இணைப்பிலும் குறையில்லை. கணினியிலுள்ள அஞ்சல் செயலியிலோ அதன் அமைப்பிலோதான் சிக்கல் இருக்கிறது. கைபேசியின் தனி இணைப்பிலும் அதே கணக்கு திறக்கவில்லை என்றால், கணினியைத் தொடவே தேவையில்லை.

எங்கள் கணினியில் முதல் அறிகுறி, அஞ்சல் செயலியைத் திறக்கும்போதெல்லாம் சர்வரின் (அஞ்சல்களைக் கையாளும் தொலைக் கணினியின்) அடையாளச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்த எச்சரிக்கை. அதைக் கண்டதும் கடவுச்சொல்லை மாற்றத் தொடங்குவோர் உண்டு. அதனால் பயன் எதுவும் இல்லை. திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் அது பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், கடந்த காலத்தில் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராத ஒன்றாகத் தெரிகிறது. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரிதான் மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைக்கிறது. அது தீர்ந்துபோயிருந்தாலும், சுவரிலுள்ள சுவிட்சை அணைக்காதவரை எதுவும் வெளியே தெரியாது; சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போகும் வீடுகளில்தான் காலையில் குட்டு வெளிப்படும். இணையத்திலிருந்து நேரம் தானாகவே சரியாகிவிடாதா என்று கேட்கலாம். வீட்டுக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவை 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டை இயல்பான அமைப்பில் தானாகத் திருத்துவதில்லை. அவ்வளவு பெரிய பிழையை அது நம்ப மறுக்கிறது. பேட்டரியை மாற்றி, பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில் தேதியைச் சரிசெய்த பிறகு எச்சரிக்கை அடியோடு நின்றது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு: புதிதாக நிறுவிய விண்டோஸில் நேர மண்டலம் வேறு நாட்டுக்கு உரியதாக இருக்க, அதைக் கவனிக்காமல் கடிகார முள்ளை மட்டும் கையால் திருப்பினால், பார்வைக்கு நேரம் சரியாக இருந்தும் அனுப்பும் அஞ்சல்கள் சில மணி நேரம் தள்ளிய முத்திரையோடுதான் போய்ச் சேரும்.

அடுத்தது, அஞ்சல் வருகிறது, ஆனால் போக மறுக்கிறது என்ற நிலை. பெறுவதும் அனுப்புவதும் வெவ்வேறு சர்வர்கள், வெவ்வேறு அமைப்புகள் என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பளிக்காது. வெளிச்செல்லும் அஞ்சலுக்குப் பழைய பழக்கத்தில் 25 என்ற போர்ட் (இணைப்பு வாயில்) எண்ணைக் கொடுத்திருந்தால், தேவையற்ற அஞ்சல்களைத் தடுக்கும் பொருட்டு இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் அதை அடைத்து வைத்திருக்கின்றன. 587 அல்லது 465 என்று மாற்றி, வெளிச்செல்லும் சர்வருக்கும் உள்நுழைவு தேவை என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் போதும்.

சரியான கடவுச்சொல்லையே செயலி ஏற்க மறுப்பதற்குக் காரணம் வேறு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறையைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது; அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் நிறுத்தியது. பழைய செயலியை மீண்டும் நிறுவிவிட்டு எத்தனை முறை தட்டச்சு செய்தாலும் அது நுழையப்போவதில்லை. புதிய உள்நுழைவு முறையை அறிந்த பதிப்பு வேண்டும். ஜிமெயிலுக்கு மட்டும், இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிய பின் கிடைக்கும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லும் ஒரு வழி.

என்னை உண்மையில் பதற வைத்தது பழைய அஞ்சல்களின் நிலைதான். செயலி அஞ்சலைப் பெற இரண்டு முறைகள் உண்டு. ஐமேப் முறையில் அஞ்சல்கள் சர்வரிலேயே இருப்பதால், புதிய கணினியில் கணக்கைச் சேர்த்ததும் அனைத்தும் மீண்டும் வந்துவிடும். பாப் முறையோ, அஞ்சலை இறக்கியதும் சர்வரில் நீக்கிவிடக்கூடியது. அப்படி அமைத்திருந்தால் அந்த அஞ்சல்களுக்கு உள்ள ஒரே பிரதி கழற்றப்பட்ட டிஸ்க்கில்தான் இருக்கிறது. சர்வரில் பிரதியை விட்டுவைக்கும்படி அமைத்திருந்தால் தொல்லை வேறு விதமாக வரும்: எவற்றையெல்லாம் ஏற்கெனவே இறக்கியாயிற்று என்ற பட்டியல் பழைய டிஸ்க்கோடு போய்விட்டதால், செயலி அனைத்தையும் புதியவையாகக் கருதி மீண்டும் இறக்கத் தொடங்கும். பேக்கப்பிலிருந்து பழைய கோப்பையும் மீட்டிருந்தால் ஒவ்வொரு கடிதமும் இரட்டையாக நிற்கும்.

பேக்கப் எடுத்தாயிற்று என்று கடையில் சொன்னால், எந்தெந்த ஃபோல்டர்கள் என்று கேட்டே ஆகவேண்டும். ஆவணங்களையும் படங்களையும் டெஸ்க்டாப்பையும் நகலெடுப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அவுட்லுக் செயலி கடிதங்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு ஆவணங்களுக்குள் இருந்தால் தப்பிக்கும். தண்டர்பேர்டு என்ற அஞ்சல் செயலியோ தன் கடிதங்கள் அனைத்தையும் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறது. மறைந்துள்ளவற்றையும் காட்டும்படி அமைக்காமல் நகலெடுப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை. பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கேட்டு வாங்கியிருந்ததால், யூஎஸ்பி இணைப்பான் வழியாக அதைப் பொருத்தி, அந்த ஃபோல்டரை முழுமையாக மீட்க முடிந்தது. எந்தச் சிக்கலுக்கும் விண்டோஸை மீண்டும் நிறுவுவதையே மருந்தாகக் கொடுக்கும் பழக்கத்தின் மீது எனக்குள்ள மனக்குறையும் இதுதான்: நோய் தீர்ந்ததோ இல்லையோ, நோய்க்குறிப்புகள் அழிந்துவிடுகின்றன.

தீர்ந்துபோன பேட்டரியைத் தவிர இவையெல்லாம் அமைப்புச் சிக்கல்கள். கணினி இடையிடையே உறைந்து, தானாக மறுதொடக்கம் ஆனது மட்டும் உண்மையான வன்பொருள் கோளாறு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் தெரிந்த 41 என்ற எண், முறையாக அணைக்கப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. நினைவகத்தை மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருள் மூலம் இரவு முழுவதும் சோதித்தபோது பிழை எதுவும் காட்டவில்லை. எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்ற வரிசையில் பரிமாற்றப் பிழைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இந்த எண்ணிக்கை ஏறினால் டிஸ்க்கைவிட அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். புதிய எஸ்எஸ்டிக்கும் பழைய கேபிளையே செருகியிருந்தார்கள். அதை மாற்றிய பிறகு அந்த எண் ஏறவில்லை, கணினியும் தானாக அணையவில்லை. ஏற்கெனவே பதிவான எண்ணிக்கை மட்டும் பூஜ்யமாகாமல் அறிக்கையில் அப்படியே நிற்கிறது, அது இயல்புதான்.