நஞ்சு கீழே இருக்கிறதா? எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்

கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் "நஞ்சு கீழே இருக்கிறது" என்றிருந்தால் வீடே பதறிவிடுகிறது. நஞ்சு என்பது கர்ப்பப்பையில் குழந்தைக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடி (பிளசென்டா). அந்த ஒரு வரியால் எதுவும் முடிவாகிவிடாது. தெரிய வேண்டியது ஒரு எண்: நஞ்சின் கீழ் ஓரத்துக்கும் கர்ப்பப்பை வாயின் உள்துவாரத்துக்கும் நடுவில் எத்தனை மி.மீ.? துவாரத்தை மூடியிருந்தால் பிளசென்டா பிரீவியா. மூடாமல் 20 மி.மீ.க்குள் நின்றால் தாழ்ந்த நஞ்சு. மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரியும்; பெரும்பாலானோருக்கு நஞ்சு தானே விலகிவிடும். அதனால்தான் 32 வாரத்தில் மறுபடி ஸ்கேன், அப்போதும் விலகாவிட்டால் 36-இல் இன்னொன்று.

இந்த அளவை அதிகம் கெடுப்பது நிரம்பிய சிறுநீர்ப்பை. அது கர்ப்பப்பையின் முன்சுவரைப் பின்சுவரோடு அழுத்திவிடும். தள்ளியிருக்கும் நஞ்சுகூட வாயை மூடியதுபோல் தெரியும். கர்ப்பப்பைத் தசை இறுகியிருந்தாலும் இதே கதைதான். சிறுநீர் கழித்துவிட்டு, அரைமணி பொறுத்துப் பார்த்தால் படம் மாறும். பின்சுவரில் நஞ்சு இருந்தால் குழந்தையின் தலை மறைக்கும். அதற்கு யோனிவழி ஸ்கேன்தான் சரி. பலர் இதற்குப் பயந்து மறுக்கிறார்கள், பயமே வேண்டாம்: ப்ரோப் (உள்ளே வைக்கும் ஸ்கேன் கருவி) கர்ப்பப்பை வாய்க்குள் நுழைவதில்லை, முன்னாலேயே நின்றுவிடும்.

அப்போதே ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரையும் துவாரத்தின்மேல் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தொப்புள்கொடியின் ரத்தக்குழாய் பாதுகாப்பின்றிச் சவ்வில் ஓடி, வாயைக் கடந்து போகலாம். துடிப்பு குழந்தையின் இதயத் துடிப்போடு ஒத்துப்போனால் அது வாசா பிரீவியா. பனிக்குடம் உடையும்போது குழாய் கிழிந்தால் சிந்துவது குழந்தையின் ரத்தம்; நிமிடங்களில் உயிர் போகலாம். முன்பே தெரிந்தால், பொதுவாக 34 முதல் 36 வாரத்துக்குள் திட்டமிட்ட சிசேரியனில் காப்பாற்றிவிடலாம்.

முன்பு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சு முன்சுவரில் தாழ்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. நஞ்சுக்குள் ஒழுங்கற்ற ரத்தக்குளங்கள், அதன் பின்னால் இருக்கவேண்டிய கருங்கோடு காணாமல் போவது, சிறுநீர்ப்பைச் சுவரின் வெண்கோடு அறுபடுவது: இவை நஞ்சு தழும்புக்குள் வேரோடியிருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள். பிரசவத்தை ரத்த வங்கியும் அனுபவமுள்ள குழுவும் உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: நஞ்சு பிரிதல், அதாவது பிரசவத்துக்கு முன்பே நஞ்சு கர்ப்பப்பைச் சுவரிலிருந்து விடுபடுவது. புதிதாகக் கசியும் ரத்தம் படத்தில் நஞ்சைப் போலவே தெரியும். வயிறு கல்லாக இறுகி, வலியோடு ரத்தம் போனால், "ஸ்கேன் நார்மல்" என்று யார் சொன்னாலும் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.