ஏறுவது கோவையில், இறங்குவது திருச்சியில்

எங்கள் பக்கம் வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் பேக்கேஜ்தான். ஒருத்தர் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். ஒரே நிறத் தொப்பி போட்ட கூட்டம் பின்னால் போகும். எந்த நாட்டில் இருந்தாலும் மத்தியானம் ரசம் வந்துவிடும். குறை சொல்லவில்லை. ஆனால் காலை 6 மணிக்கு லாபிக்கு வா என்கிற பயணம் எங்கள் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. அவன் ஒரு கால் ஷூவை மாட்டி முடிப்பதற்குள் கொடிக்காரர் அடுத்த நாட்டுக்கே போயிருப்பார்.

அதனால் இந்த மே லீவுக்கு நாங்களே திட்டம் போட்டு, நாங்களே டிக்கெட் எடுத்துப் போவது என்று முடிவானது. செய்தி கோபிசெட்டிபாளையத்தைத் தாண்டியதும் திருப்பூர் மச்சான் போன் போட்டுவிட்டார். பனியன் ஏற்றுமதி வேலையாக நாலு நாடு பார்த்தவர்.

"ஏனுங் மாப்பிள்ளை, கூட்டிட்டுப் போக ஆளில்லாம, குழந்தைகளை வெச்சுட்டு அங்கெல்லாம் எப்படீங் சமாளிப்பீங்க?"

கோபியில் மட்டும் யார் வந்து சமாளிக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். பெண் கொடுத்த வீடு. கேட்கவில்லை.

நான் போட்ட முதல் எக்செல் தாளில் சிங்கப்பூர், பினாங்கு, லங்காவி, கேமரன் ஹைலேண்ட்ஸ், கோலாலம்பூர், பாங்காக் என்று ஆறு ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு நிறம். பார்க்க அத்தனை அழகு. வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "ஏனுங்க, இதுல நாம தூங்கறது எந்த கலருங்க?"

அவள் கணக்கு வேறு மாதிரி. ஊர் மாறுகிற நாளில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போய் வரிசையில் நின்று, அடுத்த ஊரில் இறங்கி, மதியத்துக்கு மேல் தரும் அறைக்காக வரவேற்பில் காத்துக் கிடந்தால் பாதி நாளுக்கு மேல் காலி. அதிலே ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்தால் மிச்ச நாளும் காலி. பேனாவை எடுத்தாள். பாங்காக் போனது, லங்காவி போனது. கேமரன் ஹைலேண்ட்ஸ் என்ன என்று கேட்டாள். மலை, தேயிலைத் தோட்டம், குளிர் என்றேன். "கோத்தகிரி எங்கீங்க போச்சு?" என்று அதையும் அடித்தாள்.

மிஞ்சியது சிங்கப்பூர், அப்புறம் மலேசியாவில் பினாங்கும் கோலாலம்பூரும். அதிலும் வந்த வழியே திரும்பாமல் போவதுதான் சாமர்த்தியம் என்று எனக்குப் பட்டது. கோவையிலிருந்து நேரே சிங்கப்பூர். அங்கிருந்து பினாங்குக்கு ஒரு சின்ன விமானப் பயணம். பினாங்குத் தீவிலிருந்து படகில் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலில் நாலு மணி நேரச் சொச்சத்தில் கோலாலம்பூர். கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சி. போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு. டிக்கெட்டும் மலிவு, மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது என்பதால். இந்த வழியைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, பெருமையில்.

விசாவில் அந்தப் பெருமை கொஞ்சம் தேய்ந்தது. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் வரை இருந்துவிட்டு வரலாம். போவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகை அட்டை நிரப்பினால் போதும். சிங்கப்பூருக்கும் அதே மாதிரி அட்டை உண்டு, ஆனால் விசாவும் வேண்டும், கைப்பிள்ளை முதல் ஆளுக்கு ஒன்று. அதை அங்கே தெரிந்தவர் யாராவது போட வேண்டும், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட். ஏஜெண்டே இல்லாமல் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சத்தம் போடாமல் கோயம்புத்தூரில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தோம்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நம்மிடம் ஏது? இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு என் அப்பா பெயர், அவள் பெயரோடு அவள் அப்பா பெயர், பிள்ளைகள் பெயரோடு என் பெயர். ஆக நாலு பேருக்கு மூன்று குடும்பம். மகள் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நானும் தம்பியும் மட்டும்தான் ஒரே ஃபேமிலி. நீங்க ரெண்டு பேரும் எங்ககூட வர்றீங்க, அவ்வளவுதான்" என்றாள்.

அப்புறம் போட்டோ. வெள்ளைப் பின்னணி, முகத்தில் சிரிப்பு கூடாது. கோபி ஸ்டுடியோக்காரர் முதலில் மகன் நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்தார். அது அவனுக்குக் கூச்சம், சிரித்தான். முன்பல் இரண்டும் விழுந்த நேரம் வேறு. "கண்ணு, பல்லைக் காட்டப்படாது, வாயை மூடிக்க சாமி" என்றார். வாயோடு மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொண்டான். கன்னம் உப்பி, காது வரைக்கும் சிவந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் கேமராவில் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இதை அனுப்புனா விசா தரமாட்டாங்க சார், ஆஸ்பத்திரிச் சீட்டுத்தான் தருவாங்க." கடைசியில் மகள்தான் வழி சொன்னாள். "டேய், மனசுக்குள்ளயே ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லு." முகத்தில் இருந்த அத்தனை சந்தோஷமும் ஒரே நொடியில் வடிந்தது. சட்டென்று எடுத்துவிட்டார்.

அறை பிடிப்பதும் லேசில்லை. நாலு பேர் என்று போட்டால் இரண்டு அறை எடு என்கிறது இணையதளம். பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போட்டுத் தேடினால்தான் நாலு பேருக்கான குடும்ப அறை வருகிறது. மகனுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று, நீச்சல் குளம். காலைச் சாப்பாடு 10 மணி வரை என்று ஹோட்டல்காரன் போட்டிருந்தான். அந்த ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தி. அவர்களுக்குப் பத்து என்றால் நமக்கு ஏழரை. லீவில் எங்கள் வீட்டில் ஏழரைக்கு எழுப்பினால் அன்றைக்கு ஏழரைதான். ஆனால் சாயங்காலம் இதே கணக்கு நம் பக்கம். சிங்கப்பூர் கார்டன்ஸ் பை தி பே தோட்டத்தில் ராத்திரி 8.45க்கு நடக்கும் இரண்டாவது ஒளிக்காட்சி நம் ஊர் நேரத்துக்கு ஆறே கால், பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும் நேரம். காசும் கிடையாது. தாளில் நான் தடித்த எழுத்தில் போட்டது இது ஒன்றைத்தான்.

கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலை முருகன் கோயிலை வைத்து அப்பாவைச் சம்மதிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். 272 படி, 140 அடி முருகன் என்று சொன்னேன்.

"சென்னிமலைல 1320 படி. சேலத்துப் பக்கம் ஏத்தாப்பூர்ல 146 அடி முருகன். கார்ல போய் மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கு வந்தர்லாம். இதுக்கு பிளேன்ல போகோணுமாக்கும்?"

இரண்டுமே உண்மை. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அம்மாவின் கவலை சோறு. கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி, எள்ளுருண்டை எல்லாம் கட்டியாகிவிட்டது. சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை என்பதால் மசாலாப்பொடி மட்டும் கழிந்தது. அது கூடப் பரவாயில்லை, கொப்பரையில்தான் மாட்டிக்கொண்டோம். பிள்ளைகள் வெல்லத்தோடு கடித்துக்கொள்ளட்டும் என்று தோப்புக் காயை உடைத்துக் காயவைத்திருந்தார். விமானத்தில் கொப்பரை ஆபத்தான சரக்கு, எண்ணெய்ச் சத்து அதிகம், சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும் என்று விளக்கினேன்.

"காங்கேயத்துல களம் களமாக் காயுது. எந்தக் களம் பத்திக்கிச்சு, சொல்லு பாக்கலாம்?"

அவர் அதை இன்னும் பெட்டிக்குப் பக்கத்திலேயேதான் வைத்திருக்கிறார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் மகள் கேட்டாள். "கார்ல கோவை ஏர்போர்ட்டுக்குப் போய் அங்கேயே நிறுத்திட்டுப் போறோம். திருச்சில இறங்கி எப்படி வர்றது?"

எக்செல்லில் அதற்கு நிறம் இல்லை.

மச்சானுக்குத் தகவல் போனது. அவர் வீட்டில் ஒரு டிரைவர் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். திருச்சி வரைக்கும் போகிறோம், சமயபுரம் போகாமல் வருவதா என்றார் மாமியார். அப்படியே ஸ்ரீரங்கமும் என்றார் அம்மா. பிளேனுக்கு வராத அப்பா இதற்கு வருகிறேன் என்றார். இப்போது கார் வேனாகிவிட்டது. புளிச்சோறு கட்டுவது யார், தயிர்ச்சோறு கட்டுவது யார் என்று பிரித்தும் விட்டார்கள். எங்கள் பெட்டிகளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டேன், மேலே கட்டிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

நேற்று மச்சான் மறுபடியும் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க வந்து இறங்கறது ஞாயித்துக்கிழமைங்களா? அன்னைக்குச் சமயபுரத்துல கூட்டம் அள்ளுமுங். உங்க பிளேனைத் திங்கக்கிழமைக்கு மாத்திக்க முடியுங்களா?"