யூரின் கல்ச்சர்: ஒரு ஒட்டுப் பையால் வந்த அலைச்சல்

பத்து மாதக் குழந்தை. இரண்டு நாளாக 102 டிகிரி காய்ச்சல். சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம் என்று டாக்டர் யூரின் ரொட்டீனும் (சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை) கல்ச்சரும் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதிக் கொடுத்தார். லேபில், சிறுநீர் பிடிக்கக் குழந்தையின் தோலில் ஒட்டும் பை தந்தார்கள். நிரம்பியதும் கொடுத்தோம், இரண்டுக்கும் பணம் கட்டினோம். சாயங்காலம் ரொட்டீன் ரிப்போர்ட்டில் பஸ் செல் (சீழ் அணுக்கள், தொற்றின் அறிகுறி) நிறைய. அதைப் பார்த்ததும் டாக்டர் கேட்டார்: "கல்ச்சருக்கும் இதே பையிலிருந்தா கொடுத்தீங்க?"

அந்தக் கல்ச்சர் வீண். தோலிலும் ஆசனவாயைச் சுற்றியும் இருக்கும் கிருமிகள் பைக்குள் இறங்கிவிடும். பை சாம்பிளில் எதுவும் வளரவில்லை என்றால் நம்பலாம். வளர்ந்தால், அது சிறுநீர்ப்பையில் இருந்த கிருமியா, தோலில் இருந்ததா என்று சொல்ல முடியாது. பையைக் கொடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இன்னும் கோபம் தீரவில்லை.

நல்ல வேளை, ஆன்டிபயாடிக் தொடங்கியிருக்கவில்லை. ஒரே ஒரு வேளை மருந்து உள்ளே போயிருந்தாலும், கிருமி இருந்தும் கல்ச்சரில் வளராமல் போகலாம். வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய சிரப்பைக் காய்ச்சலுக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள்.

இரண்டாவது சாம்பிளை கிளினிக்கிலேயே பிடித்தோம். பால் கொடுத்து இருபது நிமிடம் கழித்து, வெறும் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். டெட்டால் கூடாது, அது சாம்பிளில் கலந்தால் கிருமி வளராது. ஒருவர் குழந்தையைத் தூக்கிப் பிடிக்க, நர்ஸ் குளிர்ந்த சலைனில் நனைத்த பஞ்சுத் துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்தார். சில நிமிடத்தில் பீச்சியது. முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் வருவதை டப்பாவில் பிடித்தார். டப்பாவின் உள்பக்கமோ மூடியின் உள்பக்கமோ விரல் படக்கூடாது. இப்படி வராவிட்டால் சின்ன ட்யூப் விட்டு எடுப்பார்கள். பயப்பட வேண்டாம், சாம்பிள் சுத்தமாக வரும்.

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். இந்த வெயிலில் கிருமி மளமளவென்று பெருகி எண்ணிக்கையே பொய்யாகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் பிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல.

சாம்பிள் கொடுத்த கையோடு சிரப் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட்: ஈ.கோலை என்ற கிருமி, ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சத்துக்கு மேல். பல கிருமி கலந்து வந்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ஒரே கிருமி என்பதில் அத்தனை நிம்மதி. கீழே மருந்துப் பட்டியலைப் பார்த்தால், கொடுத்துக்கொண்டிருந்த சிரப்புக்கு நேராக 'ஆர்': அந்தக் கிருமிக்கு அது வேலை செய்யாது. காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. 'எஸ்' போட்ட மருந்துக்கு மாற்றியதும் மறுநாளே இறங்கியது. பை ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கிட்னி ஸ்கேன் நார்மல். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தாமல் டாக்டர் சொன்ன பத்து நாளும் கொடுத்தோம்.

மூன்று மாதத்துக்குக் குறைவான குழந்தை, அல்லது வாந்தியும் சோர்வுமாகப் பால் குடிக்காத குழந்தை என்றால் லேப் வாசலில் நிற்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒருமுறை சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைக்கு மறுபடி காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், முதல் இரண்டு நாளுக்குள் யூரின் பார்த்துவிடுங்கள். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.