ஜான்-டி யாரை ‘நீ’ என்கிறாள்

கொரியத் தொடருக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுத உட்காருபவரின் கைக்குப் பெரும்பாலும் வருவது ஆங்கில சப்டைட்டில்தான். அதில் எல்லோரும் எல்லோரையும் ஒரே ‘யூ’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். முதல் பிழை அங்கேயே தொடங்குகிறது. ஏழைப் பெண், பணக்காரப் பையன் காதல் கதை என்றால் யார் யாரை ‘நீ’ என்கிறார்கள், யார் ‘நீங்க’ என்கிறார்கள் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. ஆங்கிலத்தில் அது துடைத்தெடுக்கப்பட்டு வருகிறது. ஆகவே தாளை மூடிவிட்டு ஒருமுறை காதால் மட்டும் கேட்க வேண்டும்.

கொரிய மொழி தெரியாதவருக்கும் இது முடியும். வாக்கியம் ‘யோ’ என்று முடிந்தால் மரியாதைப் பேச்சு. ‘ம்னிதா’ என்று முடிந்தால் அதற்கும் மேல், சபை மரியாதை. இரண்டும் இல்லாமல் வினை மொட்டையாக நின்றால் ‘பன்மல்’, அதாவது நம் நீ, வா, போ. வசனத் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ‘நீ’ அல்லது ‘நீங்க’ என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு மொழிபெயர்ப்பைத் தொடங்குவது நல்லது. ஒரு எபிசோடுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். அதைச் செய்யாமல் விட்டால், பத்தாவது எபிசோடில் ஒரு பாத்திரம் சண்டை போட்டுக் கோபத்தில் மரியாதையைக் கைவிடும்போது, நாம் ஏற்கெனவே அவரை ‘டா’ போட்டுப் பேச வைத்திருப்போம். திரும்பிப் போக வழியிருக்காது.

‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. கொரியாவின் கேபிஎஸ் 2 சேனலில் 2009 ஜனவரி முதல் மார்ச் வரை 25 எபிசோடுகளாக வந்தது. மூலம் யோகோ காமியோவின் ஜப்பானிய ‘மாங்கா’, அதாவது படக்கதை. அதே கதை தைவானில் 2001இலும் ஜப்பானில் 2005இலும் ஏற்கெனவே தொடராகியிருந்தது. கொரிய வடிவத்தில் கும் ஜான்-டி டிரை கிளீனிங் கடைக்காரரின் மகள். பணக்காரப் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் ஷின்வா பள்ளிக்குள் நீச்சல் உதவித்தொகையில் வந்து சேர்கிறாள். கு ஜுன்-பியோ அந்த ஷின்வா குழுமத்தின் வாரிசு. யூன் ஜி-ஹு அவனுடைய நண்பன்.

ஜான்-டி ஜி-ஹுவை ‘சொன்பே’ என்கிறாள். மேல்வகுப்பு மாணவரை அழைக்கும் சொல் அது. அவனிடம் பேசும்போது ‘யோ’ தவறுவதில்லை. அதே மேல்வகுப்பில் இருக்கும் ஜுன்-பியோவையோ குடும்பப் பெயரோடு முழுப்பெயர் சொல்லி, ‘யா!’ என்று கத்திக் கூப்பிடுகிறாள். ஒரு வகுப்பு மூத்தவனிடம் பன்மலில் பேசுவதே கொரியாவில் துடுக்கு. பள்ளியே அவன் குடும்பத்துடையது என்னும்போது அது இரட்டைத் துணிச்சல். யாரைக் கும்பிடுகிறாள், யாரோடு சரிக்குச் சரி நிற்கிறாள் என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் கடைசியில் யாருக்கு என்பதையும் காது முன்கூட்டியே கேட்டுவிடுகிறது.

தமிழ் டப்பிங் இங்கேதான் சறுக்கும். நம் சீரியல் பழக்கத்தில், பெண்ணுக்குக் காதல் வந்ததும் ‘டேய்’ போய் ‘நீங்க’ வரும், பிறகு ‘என்னங்க’ வரும். எழுதும் கை தானாகவே அதைச் செய்யும், தட்டி நிறுத்த வேண்டும். ஜான்-டியின் ‘நீ’ காதலுக்கு முன் எதிர்ப்பு, காதலுக்குப் பின் உரிமை. சொல் மாறவில்லை, குரல்தான் மாறுகிறது. அங்கே ‘நீங்க’ போட்டால் அவள் பணத்துக்குப் பணிந்துபோனாள் என்று தமிழ்க் காதில் விழும்.

‘ஒப்பா’ வேறு தலைவலி. கொரியாவில் அண்ணனும் ஒப்பா, காதலனும் ஒப்பா. ‘அண்ணா’ என்று எழுதினால் காதல் அங்கேயே செத்தது. ‘மாமா’, ‘அத்தான்’ என்றால் இல்லாத முறை உறவு நுழைகிறது. பெயரைச் சொல்லி அழைத்துவிடுவதே நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழுக்கு அதிர்ஷ்டம். கொரியனிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், மரியாதை அதன் வாலில்தான் ஒட்டும். ஆகவே நடிகையின் வாயில் ‘யோ’ விழும் அதே கணத்தில் நம் ‘ங்க’வும் விழுகிறது. ‘அப்பா’ அங்கேயும் அப்பாதான், ‘அம்மா’வுக்கு ‘ஒம்மா’, உதடு அப்படியே பொருந்தும். சிக்கல் ப, ம இரண்டிலும்தான், உதடு மூடினால்தான் பிறக்கும் எழுத்துகள். ‘போ’ என்பதற்குக் கொரியச் சொல் ‘கா’. குளோசப்பில் வாய் திறந்தே இருக்கும்போது ‘போ’ என்று ஒலித்தால் பொய்யென்று தெரிந்துவிடும். ‘நட’ என்று எழுதினால் தீர்ந்தது. முகம் திரும்பியிருக்கும் ஷாட்டில் எதையும் எழுதலாம். ஆகவே நீளமான சொற்களை அங்கே தள்ளிவிடுவது வழக்கம். குரல் உதட்டை முந்தினால் இரண்டு பிரேமிலேயே கண் பிடித்துவிடும், பிந்தினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

வர்க்கத்தைக் காட்ட வட்டார வழக்கைத் தொடுவது பெரிய தவறு. ஜான்-டிக்குச் சென்னைத் தமிழும் ஜுன்-பியோவுக்கு ஆங்கிலம் கலந்த தமிழும் கொடுக்க ஆசை வரும். இருவருமே பேசுவது சியோல் பேச்சுதான். ஜுன்-பியோ வேறு பழமொழிகளைத் தப்பாகச் சொல்கிற பையன். அவனுக்கு வேண்டியது ‘பூனைக்கும் அடி சறுக்கும்’ போன்ற உடைந்த தமிழ். பணம் இருக்கிறது, படிப்பு ஏறவில்லை என்பது அதில் தெரியும்.

இன்னும் கவனமாக இருக்க வேண்டிய இடம் அவள் அப்பாவின் தொழில். ‘டிரை கிளீனிங் கடை’ என்றே விட்டுவிட வேண்டும். அதைச் சுருக்கப்போய் சலவைத் தொழிலுக்கான பழைய தமிழ்ச் சொல்லை எழுதினால் சாதி வந்து உட்கார்ந்துவிடும். கொரியக் கதையில் இருப்பது பண வித்தியாசம், நாம் அதன் மேல் பிறப்பு வித்தியாசத்தை ஏற்றிவிடுவோம். ‘குலம்’, ‘பரம்பரை’, ‘நம்ம தகுதிக்கு’ எல்லாம் இதே வகைதான், வசனத்தில் அழகாகத் தெரிகிற அளவுக்கு ஆபத்து. ஜுன்-பியோவும் நண்பர்களும் அவளைச் சொல்லும் ‘சொமின்’ என்ற சொல்லுக்குச் ‘சாமானியம்’ நெருக்கம். சகரத்தில் தொடங்கி நடுவில் உதடு மூடுகிறது, நீளம்தான் இடிக்கும். முகம் தெரியாத இடத்தில் ‘சாதா’ போதும். சாதா தோசை கேட்டுப் பழகிய காதுக்கு அதிலுள்ள இளக்காரம் உடனே புரியும்.

அவள் பகுதிநேரமாக வேலை செய்யும் ‘சுக்’ கடையும் அப்படித்தான். அகராதிப்படி கஞ்சிக் கடை. தமிழில் கஞ்சி என்றால் வறுமை. அங்கே அது உடம்பு முடியாதவருக்கு அன்பாக வாங்கிக் கொடுப்பது, கடல் சிப்பி போட்ட கஞ்சி விலையும் கூடுதல். காய்ச்சல்காரருக்கு வைக்கும் கஞ்சி நமக்கும் உண்டு, அந்தப் பக்கமாகச் சாய்த்து எழுதினால் சரியாக வரும்.

ஜுன்-பியோவின் தாய் ஜான்-டியின் வீட்டுக்கு வந்து, மகனை விட்டு விலகப் பணம் பேசும் காட்சி ஒன்று உண்டு. ஜான்-டியின் அம்மா அந்தச் சீமாட்டியின் தலையில் உப்பைக் கொட்டுகிறார். வேண்டாதவரை விரட்ட உப்பு எறிவது கொரிய வழக்கம். நாமோ நம் பிள்ளைக்குத் திருஷ்டி கழிய உப்பைச் சுற்றிப் போடுகிறவர்கள். விளக்க வசனம் சேர்க்கலாமா என்ற கேள்வி கட்டாயம் எழும். சேர்க்கக் கூடாது. டப்பிங் கலைஞரிடமிருந்து அங்கே வேண்டியது மூச்சு மட்டும். பேச்சை நீக்கி, இசையும் மற்ற ஒலிகளும் மட்டுமாக அனுப்பப்படும் தடத்தில் உப்பு விழும் ஓசை இருக்கும். அந்தத் தடம் வராவிட்டால் யாராவது ஒரு கிண்ணம் கல் உப்பை மைக்குக்குப் பக்கத்தில், பட்டுத்துணி மேல் மெதுவாகக் கொட்ட வேண்டும்.